பழைய வாட்சுக்குப் புது முகம்

டயலில் ‘எம். அண்ட் எஸ்.எம். ரயில்வே’ என்று ஆங்கில எழுத்தில் இருக்கிறது. விற்பவர், “1890-ல வந்த பீஸ் சார், வெள்ளைக்கார கார்டு வெச்சிருந்தது” என்கிறார். இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். மெட்ராஸ் ரயில்வேயும் சதர்ன் மராத்தா ரயில்வேயும் ஒன்றாகி அந்தப் பெயரில் கம்பெனி உருவானதே 1908 ஜனவரியில்தான். பதினெட்டு வருடம் முன்கூட்டியே அந்தப் பெயரை ஸ்விட்சர்லாந்தில் யாரும் கனவு கண்டு எழுதியிருக்க மாட்டார்கள். அவர் சொல்வதைவிட வாட்சுக்கு வயது குறைவாக இருக்க வேண்டும். அல்லது வாட்ச் பழையது, டயல் புதியது. அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ பழைய பாக்கெட் வாட்ச் வாங்க ஆசைப்படும் ஒருவர் முதலில் போட்டுப் பார்க்க வேண்டியது இந்தச் சின்னக் கணக்குதான். லென்ஸ், சட்டப் பிரிவு எல்லாம் அப்புறம்.

கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டலாம். ‘சதர்ன் ரயில்வே’ என்று டயலில் இருந்தால், நம்மூர் தெற்கு ரயில்வே பிறந்தது 1951 ஏப்ரல் 14. அதற்கு முன்பு 1923 முதல் 1947 வரை இங்கிலாந்தில் அதே பெயரில் ஒரு ரயில்வே இருந்தது என்பதால் இங்கிலாந்துச் சரக்குக்கு மட்டும் விதிவிலக்கு கொடுக்கலாம். ‘எஸ்.ஐ.ஆர்.’ எனப்படும் தென்னிந்திய ரயில்வே 1874-ல் உருவானது. ‘ரோலெக்ஸ்’ என்ற பெயர் பதிவானதே 1908-ல். அதனால் ‘ரோலெக்ஸ், 1885’ என்று பித்தளை மூடியில் வெட்டியிருந்தால் சிரித்துவிட்டு நகரலாம். ‘ஒமேகா’ என்ற சொல் ஒரு கடிகார மிஷினுக்குப் பெயராக வந்தது 1894-ல். கடைப் பெயருக்குக் கீழே ஊர்ப்பெயர் ‘சென்னை’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது 1996-க்குப் பிந்திய அச்சு. அதற்கு முன் ‘மெட்ராஸ்’தான். மவுண்ட் ரோட்டில் இன்றும் இருக்கும் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடை, 19-ஆம் நூற்றாண்டில் வெளிநாட்டு வாட்சுகளைத் தன் பெயரைப் பொறித்த டயலோடு விற்றது. அந்தப் பெயருக்கு இன்று உள்ளூரில் தனி மதிப்பு இருப்பதால், பெயரில்லாத ஸ்விஸ் வாட்ச் ஒன்றின் டயலில் அதை அச்சடித்துவிட்டால் விலை ஏறும் என்று கணக்குப் போட அதிக மூளை தேவையில்லை.

இந்த ஆசை மேற்குப் புறநகரில் ஏன் கூடுதலாக இருக்கிறது என்றால், இது ரயில்வே மண். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியபோது ஆவடி வழியாகத்தான் போனது. பெரம்பூர்ப் பணிமனைகளிலும், 1955-ல் தொடங்கிய இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் வில்லிவாக்கத்திலிருந்து பட்டாபிராம் வரை வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கார்டுக்கும் டிரைவருக்கும் ஸ்டேஷன் மாஸ்டருக்கும் கடிகாரம் என்பது சீருடையின் ஒரு பகுதியாக இருந்த காலம் ஒன்று உண்டு. 1905 வரை இந்திய ரயில்கள் மதராஸ் வானாய்வு மையத்தின் நேரத்தில்தான் ஓடின. ஊர் முழுக்க வேறு வேறு நேரம் பார்த்தபோது, ரயில்வேக்கு நம் நுங்கம்பாக்கத்தில் இருந்த அந்த மையம் சொன்னதுதான் வேதம். அப்படி ஒரு தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ உள்ள குடும்பங்களில் பாக்கெட் வாட்ச் என்றால் பொருளைத் தாண்டி ஓர் உணர்ச்சி. வீட்டில் இருந்தது காணாமல் போய்விட்டது, அதேபோல் ஒன்று கிடைத்தால் வாங்கி வைக்கலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உணர்ச்சியோடு வருகிறவரிடம் பேரம் சீக்கிரம் முடியும் என்பது எந்த வியாபாரிக்கும் தெரியும்.

முன்பெல்லாம் இந்தச் சரக்குக்கு மூர் மார்க்கெட். 1985 தீ விபத்துக்குப் பின் அந்த இடத்தில் எழுந்த புறநகர் ரயில் முனையத்திலிருந்துதான் இன்று அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் லோக்கல் ஏறுகிறோம். இப்போது பழம்பொருள் வியாபாரம் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலும், வாட்ஸப் குழுக்களிலும், விளம்பரத் தளங்களிலும் நடக்கிறது. பொருளைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கிய பழக்கம் போய், போட்டோவைப் பார்த்துப் பணம் அனுப்பும் பழக்கம் வந்திருப்பது டயலை மாற்றி விற்பவர்களுக்குப் பெரிய வசதி. போட்டோவில் டயல்தான் தெரியும். டயல்தான் பொய்யும் சொல்லும்.

டயலைப் புதுப்பிப்பது குற்றமா? இந்த இடத்தில் பலரும் குழம்புகிறார்கள். குற்றமில்லை. பழைய வாட்ச் ஒன்றின் டயல் கறுத்துப்போய் எழுத்தே தெரியவில்லை என்றால், புது டயல் போட்டுக் கட்டிக்கொள்வது உரிமையாளரின் விருப்பம். எச்.எம்.டி. வாட்ச் தொழிற்சாலைகளை மூட 2016-ல் மத்திய அரசு முடிவெடுத்த பிறகு, பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரங்களுக்கு மறுஅச்சு டயல் போட்டு விற்பது தனி வியாபாரமாகவே வளர்ந்துவிட்டது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இப்படிப்பட்ட சரக்குக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். விற்பவர், “டயல் புதுசு சார், அதான் விலை கம்மி” என்று சொல்லிவிட்டால் அது நேர்மையான வியாபாரம். அதே டயலை “கம்பெனி டயல், நூறு வருஷம்” என்று சொல்லி மூன்று மடங்கு விலை வாங்கினால் மோசடி. பொருள் ஒன்றுதான். சொன்ன சொல்லில்தான் வித்தியாசம். ஆகவே வாங்குபவர் செய்ய வேண்டியது, அந்தச் சொல்லை விற்பவர் வாயிலிருந்து வரவழைத்து, காகிதத்தில் வாங்கிக்கொள்வது. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் பரவாயில்லை.

இனி டயலைப் பார்ப்போம். பாக்கெட் வாட்சுகளின் வெள்ளை டயல் பெரும்பாலும் எனாமல். மெல்லிய செப்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பரப்பி, ஏறக்குறைய 800 டிகிரி சூட்டில் உருக்குவார்கள். செம்பு வளைந்துவிடாமல் இருக்கப் பின்பக்கமும் எனாமல் பூசுவார்கள். எண்களையும் பெயரையும் மட்பாண்டச் சாயம் போன்ற ஒரு சாயத்தால் எழுதி, அல்லது அச்சு ஒற்றி, மறுபடி சூளையில் வைப்பார்கள். எழுத்து கண்ணாடியோடு உருகி ஒன்றாகிவிடும். இந்தத் தயாரிப்பு முறை மனதில் இருந்தால் சோதனை தானாக வரும். வாட்ச் ரிப்பேர்காரர்கள் கண்ணில் மாட்டும் ஐ-கிளாஸ், பத்து மடங்கு பெரிதாக்குவது, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். அதை வைத்து ஓர் எண்ணின் விளிம்பைப் பாருங்கள். சூளையில் சுட்ட எழுத்து கறுப்பென்றால் முழுக் கறுப்பு. விளிம்பு கொஞ்சம் மழுங்கி, மேற்பரப்போடு சேர்ந்து ஒரே பளபளப்பாக இருக்கும். கம்ப்யூட்டர் பிரின்டரில் எடுத்த டயலில் அந்தக் கறுப்பே பல நிறப் புள்ளிகளாகச் சிதறித் தெரியும். நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் அருகருகே. இதைக் கண்டுவிட்டால் மேலே எதுவும் பார்க்கத் தேவையில்லை.

புள்ளி தெரியாத அச்சும் உண்டு. ரப்பர் மெத்தையால் ஒற்றி எடுக்கும் அச்சில் எழுத்து சுத்தமாக வரும். அப்போது டயலைச் சாய்த்து, வெளிச்சம் அதன் மேல் வழுக்கிப் போகும்படி பிடித்துப் பார்க்க வேண்டும். எனாமல் டயல் சமமான தகடு அல்ல; நடுவில் லேசாக மேடேறி, விளிம்பில் உருண்டு இறங்கும். முள் வரும் ஓட்டையைச் சுற்றி கண்ணாடி உருகி வழிந்த மென்மை இருக்கும். தகட்டை அச்சடித்துப் பஞ்ச் செய்த டயலில் ஓட்டை விளிம்பு கத்திபோல் நறுக்கென்று இருக்கும். காகிதத்தை ஒட்டி வார்னிஷ் அடித்த டயலில் ஓட்டையின் ஓரத்தில் காகித நார் பிரிந்திருப்பதைக்கூடப் பார்க்கலாம். அதற்குப் பழமை நிறம் வர டீத்தண்ணீர் பூசுவார்கள். எனாமல் என்பது கண்ணாடி, அது மஞ்சள் பூக்காது. அழுக்கு ஏறுவது மயிரிழை விரிசல்களில் மட்டுமே.

அந்த விரிசலைப் பற்றி ஒரு வார்த்தை. டயலில் மயிரிழை விரிசல் இருந்தால் வாங்குபவர்கள் முகம் சுளிக்கிறார்கள். உண்மையில் அது பல நேரங்களில் நல்ல சாட்சி. கீழே விழுந்த எனாமல் அப்படித்தான் விரியும். கோடு, டயலை மிஷினோடு பிடித்து நிறுத்தும் பின்பக்கக் காலுக்கு அருகிலோ ஓட்டை விளிம்பிலோ தொடங்கி, தன் போக்கில் போகும். விரிசலையும் சேர்த்து அச்சடிக்கும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். அப்போது அந்தக் கோடு எழுத்துக்கு மேலும் கீழும் ஒரே கனத்தில் போகும், சாய்த்துப் பார்த்தால் வெளிச்சம் அதில் உடையாது. இன்னொரு பக்கம், உண்மையான எனாமலில் உடைந்து போன துண்டைப் பிசின் வைத்து நிரப்பியிருப்பார்கள். ரூபாய் நோட்டைச் சோதிக்கும் ஊதா விளக்கை அடித்தால் அந்த ஒட்டுப் பெரும்பாலும் வேறு நிறத்தில் தெரியும். ஒட்டுப் போட்டது அசல் டயல்தான். அதற்கான விலை மட்டும் குறைய வேண்டும்.

விநாடி முள்ளின் சின்ன வட்டம் என் பார்வையில் மிக உபயோகமான இடம். நல்ல பாக்கெட் வாட்சுகளில் அந்த வட்டம் தனித் தகடாகச் செய்து, பள்ளமாக இறக்கிப் பற்ற வைத்திருப்பார்கள். மலிவான அசல் வாட்சுகளில் அது பள்ளமில்லாமல் சமமாகவும் இருக்கும், அதனால் பள்ளம் இல்லை என்பது மட்டும் குற்றமாகாது. ஆனால் பள்ளம்போல் நிழலை அச்சடித்து ஏமாற்றியிருந்தால் அது மறுஅச்சு என்பதில் சந்தேகமில்லை. அடுத்து, விநாடி முள் அந்த வட்டத்தின் நட்ட நடுவில் நிற்கிறதா? ஒவ்வொரு மிஷினுக்கும் நடு அச்சுக்கும் விநாடி அச்சுக்கும் உள்ள தூரம் வேறு. வேறு வாட்சின் டயலைக் கொண்டுவந்து பொருத்தினாலோ, உத்தேச அளவில் அச்சடித்தாலோ முள் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். பெரிய முள் நிமிடக் கோடுகளைத் தொட வேண்டும். அதற்கு முன்பே நின்றுவிட்டால் முள்ளோ டயலோ இரண்டில் ஒன்று மாறியிருக்கிறது.

விற்பவர் சம்மதித்தால் பின் மூடியையும், முடிந்தால் டயலையும் ஒரு ரிப்பேர்காரர் மூலம் கழற்றிப் பார்ப்பது நல்லது. நீங்களே முயல வேண்டாம். எனாமல் டயலின் பின்பக்கம் இரண்டு மூன்று செப்புக் கால்கள் பற்ற வைத்திருக்கும்; மிஷினின் பக்கவாட்டுத் திருகுகள் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். காலே இல்லாமல் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியிருந்தால் கதை முடிந்தது. அமெரிக்க வால்தம், எல்ஜின் போன்ற வாட்சுகளுக்கு மிஷினில் இருக்கும் வரிசை எண்ணை வைத்தே தயாரித்த வருடத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். அந்தப் பட்டியல்கள் அச்சிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. மிஷின் சொல்லும் வருடமும் டயல் சொல்லும் வருடமும் ஒத்துப்போக வேண்டும். பின் மூடியின் உட்புறத்தில் ஊசியால் கீறிய சின்னச் சின்ன எழுத்துகள் தெரிந்தால் அழிக்காதீர்கள். அவை பழைய ரிப்பேர்காரர்கள் எழுதி வைத்த குறிப்புகள். வாட்ச் வாழ்ந்த வாழ்க்கைக்கு அதைவிட நம்பகமான ஆவணம் வேறில்லை.

எழுத்து வடிவமும் காட்டிக்கொடுக்கும். ரோமன் எண் போட்ட பழைய டயல்களில் நான்கு என்பது நான்கு கோடுகளாகவே பெரும்பாலும் இருக்கும்; கம்ப்யூட்டரில் தயாரிப்பவர் பள்ளியில் படித்தபடி ‘ஒரு கோடு, வி’ போட்டுவிடுவார். டைம்ஸ் நியூ ரோமன் எழுத்துரு லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழில் அறிமுகமானது 1932-ல். ஏரியல் 1982-ல் வந்தது. ‘1880 லண்டன்’ என்பது ஏரியலில் இருந்தால் என்ன சொல்ல! டயலின் அடியில் பொடி எழுத்தில் ‘ஸ்விஸ் மேட்’ என்று இருப்பதும் ஒரு துப்பு. இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-ல் சட்டம் போட்ட பிறகுதான் இத்தகைய குறிகள் பரவலாயின. இந்தியாவிலும் 1889-லேயே வணிகச் சரக்குக் குறிச் சட்டம் வந்து, பொய்யான வணிக விவரம் போடுவதைத் தண்டனைக்குரியதாக்கியது. போலி முத்திரை நம் காலத்து நோய் என்று நினைக்க வேண்டாம்.

இவற்றில் எந்த ஓர் அறிகுறியையும் தனியாக வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ரயில்வேயில் உழைத்த வாட்சுகளில் உடைந்த டயலை அந்தக் காலத்திலேயே மாற்றியிருப்பார்கள். வாட்சைவிட இருபது வயது இளைய, ஆனால் உண்மையான கம்பெனி டயல் அது. அதைப் போலி என்று சொல்லிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது நியாயமில்லை.

டயலில் பணத்தை மட்டும் பாதிக்காத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. இரண்டு உலகப் போர்களின் காலத்திலும் அதன் பின்னரும், இருட்டில் தெரிய வேண்டும் என்பதற்காக எண்களிலும் முட்களிலும் ரேடியம் கலந்த பூச்சைப் பூசினார்கள். ராணுவத்துக்கென்று செய்த பாக்கெட் வாட்சுகளில் இது சகஜம். ஆவடி பக்கம் ராணுவச் சரக்கு என்றால் தனிக் கிராக்கி. நியூஜெர்சியில் தூரிகையை உதட்டால் கூராக்கி டயல் எழுதிய பெண்கள் தாடை அழுகி இறந்ததும், அவர்கள் தொடுத்த வழக்கு 1928-ல் சமரசமாக முடிந்ததும் வரலாறு. ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 ஆண்டு. பூச்சு இன்று ஒளிரவில்லை என்றால் அதோடு கலந்த ஒளிரும் பொருள் தேய்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம், கதிர்வீச்சு அப்படியே இருக்கிறது. டார்ச் அடித்து அணைத்ததும் எண்கள் பளிச்சென்று பச்சையாகச் சில நிமிடம் எரிந்தால் அது பிற்காலத்தில் பூசியது என்று கொள்ளலாம். பழுப்பேறி, ஒளிராமல், உதிரும் நிலையில் இருந்தால்தான் கவனம் வேண்டும். கண்ணாடி மூடியிருக்கும்வரை பெரிய பயமில்லை. திறக்காதீர்கள், சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், தலைமாட்டில் வைத்துத் தூங்காதீர்கள். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது “இதில் ரேடியம் இருக்கலாம்” என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். அந்தத் தூளை நாள் முழுக்கச் சுவாசிக்கப் போவது அந்த மேசையில் குனிந்து உட்கார்ந்திருப்பவர். இந்தியாவில் கதிரியக்கப் பொருள்களைக் கண்காணிப்பது மும்பையில் உள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். உதிர்ந்த பூச்சைக் குப்பையில் கொட்டாமல் மூடிய உறையில் வைத்து அவர்களிடம் கேட்பதுதான் முறை.

வாங்குவதைப் பற்றியே பேசுகிறோம். வீட்டில் இருக்கும் வாட்சை ரிப்பேருக்குக் கொடுப்பவர்களும் டயலை இழக்கிறார்கள். “டயல் போச்சு மேடம், புதுசு போட்டுத் தந்துட்டேன், பளபளன்னு இருக்கு பாருங்க” என்று கொடுக்கும்போது நன்றி சொல்லி வாங்கி வந்துவிடுகிறோம். பழைய டயல் எங்கே என்று கேட்பதில்லை. அது உங்கள் சொத்து. உடைந்திருந்தாலும் திருப்பித் தர வேண்டும். ஒரு நல்ல பெயருள்ள எனாமல் டயலுக்கு, அது மட்டும் தனியாகக்கூட, சந்தையில் விலை உண்டு. கொடுக்கும் முன் டயலையும் மிஷினையும் எண் தெரியப் போட்டோ எடுங்கள். ரசீதில் ‘கேட்காமல் எந்தப் பாகமும் மாற்ற வேண்டாம், மாற்றினால் பழையதைத் திருப்பித் தர வேண்டும்’ என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். நல்ல ரிப்பேர்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். சொல்லாமல் மாற்றினால் அது சேவைக் குறைபாடு. கீழே சொல்லப் போகும் நுகர்வோர் ஆணையத்துக்கே போகலாம்.

சட்டத்துக்கு வருவோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 ‘நியாயமற்ற வணிக நடைமுறை’ என்று ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. பழையதையும் புதுப்பித்ததையும் புதியது என்று சொல்லி விற்பது அதில் பெயர் சொல்லி இருக்கிறது. புதியதைப் பழையது என்று சொல்லி விற்பதைச் சட்டம் எழுதியவர்கள் தனியாக யோசிக்கவில்லை போலும்! ஆனால் தரம், வகை, பாணி, மாதிரி பற்றிப் பொய் சொல்வதும் அதே பட்டியலில் இருக்கிறது. மறுஅச்சு டயலை அசல் என்பது அதற்குள் அடங்கிவிடும். பில் தராமல் இருப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். குறையுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், அப்படிக் குறிப்பிடாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. “செகண்ட் ஹேண்ட் சரக்குக்கு பில் கிடையாது, ரிட்டர்ன் கிடையாது” என்று கடைச்சுவரில் ஒட்டியிருப்பதால் சட்டம் ஓடிவிடாது.

பில்லில் என்ன எழுத வேண்டும்? ‘பழைய வாட்ச் - 1’ என்று எழுதித் தருவார்கள். அது போதாது. மிஷின் எண், கேஸ் எந்த உலோகம், ‘டயல் அசல் எனாமல்’ அல்லது ‘டயல் மறுஅச்சு’ என்ற விவரம், எந்தக் காலத்தது என்று அவர் சொன்னது, இவ்வளவும் இருக்க வேண்டும். எழுதத் தயங்கினால் அந்தத் தயக்கமே உங்களுக்குப் பதில். வாட்ஸப்பில் கேட்டு, “ஆமாம், ஒரிஜினல் டயல்தான்” என்று எழுத்தில் பதில் வாங்குவதும் பயன்படும். அந்த உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள். கேள்வி கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872 வெறும் மௌனத்தைப் பொதுவாக மோசடியாகக் கருதுவதில்லை. சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலை இருந்தால், தவறான தகவலால் ஒப்புக்கொண்டவர்கூட ஒப்பந்தத்தை முறிக்க முடியாமல் போகலாம் என்று அதன் 19-ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. “கையில வாங்கிப் பாத்துட்டுத்தானே எடுத்தாரு” என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிற்பது அந்த இடத்தில்தான். தெரிந்தே சொன்ன பொய்க்கு அந்த விலக்கு துணை நிற்காது. கேட்டால்தான் பொய் வெளியே வரும்.

இணையத்தில் வாங்கினால், முறையான விற்பனைத் தளங்களுக்கு 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் பொருந்தும். அவர்களின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போதே முத்திரை தெரிய வீடியோ எடுத்துவிடுங்கள். விற்றவர் வியாபாரியாக இல்லாமல், “எங்க தாத்தாவுது” என்று ஒரே ஒரு வாட்சை விற்ற தனிநபர் என்றால் நுகர்வோர் சட்டத்தின் பாதை அடைபடும். அப்போது சரக்கு விற்பனைச் சட்டம், 1930-ன் 15-ஆம் பிரிவு கைகொடுக்கும்: விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். அதற்கு உரிமையியல் நீதிமன்றம் போக வேண்டும், காலமும் செலவும் பிடிக்கும். மூவாயிரம் ரூபாய் வாட்சுக்கு யாரும் போக மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், விற்றவருக்கும் தெரியும். நீங்கள் வாங்கியதே மறுபடி விற்று லாபம் பார்க்க என்றால் நீங்கள் சட்டப்படி நுகர்வோர் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

கடைக்காரரிடம் ஏமாந்தால் முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். சின்னத் தொகைகள் பல அந்தக் கட்டத்திலேயே பேசி முடிந்துவிடும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். விற்றவர் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. ஆவடிக்காரருக்கும் பூந்தமல்லிக்காரருக்கும் அது திருவள்ளூர் மாவட்டம். அம்பத்தூர் தாலுகா 2018-ல் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்துவிட்டதால் அங்கிருப்பவர்கள் சென்னை ஆணையத்தை நாட வேண்டும். டயல் போலி என்று நீங்கள் சொன்னால் மட்டும் போதாது. அனுபவமுள்ள ஒரு வாட்ச் தொழிலாளி பார்த்து, எதனால் மறுஅச்சு என்று எழுதிக் கையெழுத்திட்ட அறிக்கையும், பெரிதாக்கி எடுத்த படங்களும் வேண்டும். பொருளைச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கும் உண்டு. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் அது இழுக்கும் என்று எதிர்பார்த்தே இறங்குங்கள்.

ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணத்தோடு விற்றார் என்று காட்ட முடிந்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்கீழ் மோசடி. பழைய 420-தான் புது எண்ணில் வந்திருக்கிறது. நடப்பில் இருக்கும் ஒரு கம்பெனியின் பெயரைப் புதிதாக டயலில் அச்சடித்து விற்றால் 1999 வணிக முத்திரைச் சட்டமும் சேரும். அதில் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வருவாய்க் கணக்கில் சென்னையானாலும் அம்பத்தூர், காவல் கணக்கில் 2022 ஜனவரியில் தொடங்கிய ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்தைச் சேர்ந்தது. புகார் கொடுத்தால், அதைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பணம் அனுப்பியும் வாட்சே வரவில்லை, எண் அணைந்துவிட்டது என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு.

கடைசியாக, ‘நூறு வருஷம்’ என்ற அந்தச் சொல். தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972 நூறு ஆண்டுக்குக் குறையாத வயதுள்ள கைவினைப் பொருள்களையும், முற்கால அறிவியல், கலை, வழக்கங்களைக் காட்டும் பொருள்களையும் தொல்பொருள் என்கிறது. தொல்பொருள் விற்பதைத் தொழிலாகச் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. மீறினால் ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை. ஒரு பாக்கெட் வாட்ச் தொல்பொருளா இல்லையா என்ற கேள்வி எழுந்தால் இந்தியத் தொல்லியல் துறைத் தலைமை இயக்குநர் சொல்வதே முடிவு. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்கு அனுப்ப நினைத்து வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். “நூத்திருபது வருஷ ஆன்டிக்” என்று பில்லில் பெருமையாக எழுதி வாங்கிய காகிதத்தைச் சுங்க அதிகாரியிடம் நீட்டினால், டயல் நேற்று அச்சடித்ததாக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். விற்பவருக்கும் இதே தர்மசங்கடம்தான்: நூறு வருடம் என்று எழுதினால் உரிமம் எங்கே என்ற கேள்வி வரும், எழுதாவிட்டால் வாயால் சொன்னதற்கு ஆதாரம் இல்லாமல் போகும். வெளிநாட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால், கோட்டை வளாகத்தில் இருக்கும் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்தில், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று விமான டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். போகும்போது வாட்சின் முன்பக்கப் படத்தோடு மிஷின் படத்தையும் கொண்டுபோங்கள்.